ரசாயனச் சமன்பாட்டைப் படிக்கும் முறை: களர் நிலம் உடையார்க்கு ஒரு பாடம்

களர் நிலத்துக்கு ஜிப்சம் இட வேண்டும் என்பதைக் கொங்கு நாட்டுக் குடியானவர்களில் அறியாதார் சிலரே. ஆனால் அதனை ஏன் இட வேண்டும், எவ்வளவு இட வேண்டும், இட்ட பின் செய்ய வேண்டுவது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறுவோர் அநேகரல்லர். இம்மூன்று விடைகளும் ரசாயன நூலார் எழுதும் ஒரே வரியில் அடங்கியுள்ளன. அவ்வரிக்குச் சமன்பாடு என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் சமாசாரம் என்று நிலமுடையார் அதனை ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு ஒதுக்குவதால் பணமும் பயிரும் நஷ்டமாவதுண்டு என்பதை இக்கட்டுரையில் காட்டுவோம்.

1. சமன்பாடு ஒரு கணக்கு

கிராமக் கணக்கு எழுதுவோருக்கு வரவும் செலவும் ஒத்திருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. செலவில் கண்ட தொகை வரவில் எங்கிருந்து வந்தது என்று காட்ட இயலாவிடில் அக்கணக்கு தள்ளப்படும். ரசாயன மாறுதல்களிலும் இதே நியதி உண்டு. ஒரு பொருள் எரிந்தாலும், கரைந்தாலும், மற்றொன்றோடு கூடினாலும் அதன் எடையில் ஓர் அணுவும் அழிவதில்லை. புதிதாக ஓர் அணுவும் தோன்றுவதில்லை. பிரான்சு தேசத்து லவாசியே என்னும் அறிஞர் தராசு கொண்டு நிறுத்துப் பார்த்து, 1789-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார்.

சமன்பாட்டின் இடப்புறத்தில் நாம் சேர்த்த பொருள்களும், வலப்புறத்தில் அவற்றினின்று உண்டான பொருள்களும் எழுதப்படும். நடுவிலுள்ள அம்பு, இன்னது இன்னதாக மாறிற்று என்பதைக் காட்டும். இருபுறத்தும் ஒவ்வொரு மூலப்பொருளின் அணுக்களும் எண்ணிக்கையில் ஒத்திருந்தால்தான் அது சமன்பாடு; ஒவ்வாவிடில் பிழைபட்ட கணக்கே.

2. குறிகளும் எடைகளும்

உலகெங்கும் மூலப்பொருள்களின் குறிகள் இலத்தீன் எழுத்துக்களால் எழுதப்படுகின்றன. தமிழில் ரசாயனம் சொல்லும் முயற்சியும் பழைமையானதே. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த டாக்டர் கிரீனின் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் ராஜகோபாலாசாரியாரும் வேங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் நிறுவினர். ஆதலின் நாமும் இப்பாடத்துக்கு வேண்டிய ஆறு குறிகளைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம். எதிரே காட்டியிருப்பது அணுவின் ஒப்பு எடை.

ஹை: ஹைட்ரஜன், 1
கரி: கரி, 12
பி: பிராணவாயு, 16
சோ: சோடியம், 23
கந்: கந்தகம், 32
கால்: கால்சியம், 40

ஒரு குறியின் கீழே சிறியதாக எழுதிய எண், அக்குறிக்குரிய அணுக்கள் எத்தனை என்பதைக் காட்டும். எண் இல்லையேல் ஒன்று என்று கொள்க. தண்ணீர் ஹை₂-பி, ஆகவே அதன் எடை 2-உம் 16-உம் சேர்ந்து 18. சுண்ணாம்புக்கல் கால்-கரி-பி₃, ஆகவே 40-உம் 12-உம் மும்முறை 16-உம் சேர்ந்து 100. இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு செல்லலாம்.

3. காளவாயிலிருந்து முதற் பாடம்

மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லையும், காடுகளில் பொறுக்கிய சுக்கான்கல்லையும் காளவாயில் இட்டுச் சுடுவது நம் ஜில்லாவில் நெடுங்காலம் நடந்துவந்த தொழில். அங்கே நிகழ்வது இது:

கால்-கரி-பி₃ → கால்-பி + கரி-பி₂

இடப்புறம் சுண்ணாம்புக்கல், எடை 100. வலப்புறம் சுட்ட சுண்ணாம்பு 56, கரியமிலவாயு 44. இரண்டும் சேர்ந்து 100. கணக்கு ஒத்தது. நூறு கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் ஐம்பத்தாறு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு கிடையாது என்பது இதனால் விளங்கும். அதிகம் கிடைத்ததென்று ஒருவர் கூறினால், கல் முற்றும் வேகவில்லை, அல்லது வெந்த சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று அறிக.

எஞ்சிய நாற்பத்து நான்கு கிலோவும் கண்ணுக்குத் தெரியாமையால் அழிந்துவிட்டதென்று எண்ணலாகாது. அது காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தங்கும். விறகும் நிலக்கரியும் எரிவதால் உண்டாகும் நச்சு வாயுவும் அதனோடு சேரும். குளிருக்கு அஞ்சிக் காளவாயருகே படுத்துறங்குவோர் மாண்டுபோவது இதனாலேயே. ஆகவே சமன்பாட்டைப் படிப்பவர் கைக்குக் கிடைத்த பொருளை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. கிடைக்காத பொருள் எங்கே சென்றது என்றும் வினவ வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

4. களரும் ஜிப்சமும்

இனி நம் விஷயத்துக்கு வருவோம். களர் நிலத்தில் சோடியம் மிகுந்துள்ளது. அதிற் சிறிது சோடியம் கார்பனேட்டாக மண்ணீரில் கரைந்திருக்கும். பெரும்பகுதி களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய களி நனைந்தால் குழம்பாகி நீரைக் கீழிறங்க விடாது; காய்ந்தால் பாறைபோல் இறுகும். மண்ணின் பி.எச். எண் 8.5-க்கு மேற்பட்டும், களி பற்றியுள்ள உலோகங்களில் சோடியம் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேற்பட்டும் இருப்பின் அதனைக் களர் என்பர்.

ஜிப்சம் என்பது கால்சியமும் கந்தகமும் பிராணவாயுவும் கூடிய கல். இரண்டு பங்கு தண்ணீரும் அதனுள் கட்டுண்டிருக்கிறது. கால்-கந்-பி₄ என்பதன் எடை 136; தண்ணீர் இரண்டு பங்குக்கு 36; ஆக ஜிப்சத்தின் எடை 172. அது சோடியம் கார்பனேட்டோடு சேரும்போது நிகழும் மாறுதல் வருமாறு:

சோ₂-கரி-பி₃ + கால்-கந்-பி₄ → கால்-கரி-பி₃ + சோ₂-கந்-பி₄

இடப்புறம் 106-உம் 136-உம் சேர்ந்து 242. வலப்புறம் 100-உம் 142-உம் சேர்ந்து 242. காரமான சோடியம் கார்பனேட்டு மறைந்து, தீங்கற்ற சுண்ணாம்புக்கல் தூளாகப் படிகிறது. களிமண்ணைப் பற்றிய சோடியத்தையும் ஜிப்சத்திலுள்ள கால்சியம் இவ்வாறே பெயர்த்துவிட்டுத் தான் அவ்விடத்தில் அமர்கிறது:

களி-சோ₂ + கால்-கந்-பி₄ → களி-கால் + சோ₂-கந்-பி₄

இரண்டிலும் கடைசியாக நிற்கும் பொருள் ஒன்றே: சோடியம் சல்பேட்டு. இது காரமன்று, ஆனால் உப்பு. நீரில் எளிதிற் கரையும். நிலத்தைவிட்டுத் தானாக நீங்காது.

ஓர் உதாரணம் கொள்வோம். மண்ணைச் சோதித்தவர்கள் ஓர் ஏக்கருக்குச் சுத்தமான ஜிப்சம் 2,000 கிலோ வேண்டுமென்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்க. 172 பங்கு ஜிப்சம் 46 பங்கு சோடியத்தைப் பெயர்க்கும். ஆகவே 2,000 கிலோ ஏறக்குறைய 535 கிலோ சோடியத்தைப் பெயர்க்கும். 172 பங்குக்கு 142 பங்கு சோடியம் சல்பேட்டு உண்டாகும். ஆகவே 2,000 கிலோவுக்கு ஏறக்குறைய 1,650 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் முப்பத்து மூன்று மூட்டை உப்பு அந்த ஒரே ஏக்கரில் கரைந்து நிற்கும். ஜிப்சம் இட்டும் பயிர் வரவில்லை என்று குறைகூறுவோர் தம் வயலில் இம்முப்பத்து மூன்று மூட்டையும் வெளியேற வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இடுவது, களரை உவராக மாற்றும் செலவேயன்றி வேறில்லை.

5. பெரிய எண்கள்: கந்தகத்தின் கணக்கு

சில சமன்பாடுகளில் பொருளின் முன்னே பெரிய எண் ஒன்று நிற்கும். கீழெழுதிய சிறு எண் பொருளின் உள்ளமைப்பைச் சொல்வது. அதனை நாம் மாற்றலாகாது. மாற்றினால் பொருளே வேறாகிவிடும். முன்னே நிற்கும் பெரிய எண் அப்பொருள் எத்தனை பங்கு என்பதைச் சொல்வது. கணக்கு ஒத்துவருமாறு அமைக்கத்தக்கது அதுவே.

நம் பக்கத்துக் கரிசல் நிலங்கள் பலவற்றில் சுண்ணாம்பு இயல்பாகவே கலந்துள்ளது. மண்ணின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் திராவகம் ஒரு சொட்டு விட்டு, நுரை பொங்கினால் சுண்ணாம்பு உண்டென்று அறியலாம். அத்தகைய களர் நிலத்தில் ஜிப்சத்துக்குப் பதிலாகக் கந்தகத்தையும் இடலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தகத் திராவகமாக்கும்:

2கந் + 3பி₂ + 2ஹை₂-பி → 2ஹை₂-கந்-பி₄

எண்ணிப் பார்க்க. கந்தகம் இருபுறமும் இரண்டு. ஹைட்ரஜன் இருபுறமும் நான்கு. பிராணவாயு இடப்புறம் ஆறும் இரண்டும் சேர்ந்து எட்டு, வலப்புறமும் எட்டு. எடை இருபுறமும் 196. இத்திராவகம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும்:

ஹை₂-கந்-பி₄ + கால்-கரி-பி₃ → கால்-கந்-பி₄ + ஹை₂-பி + கரி-பி₂

அதாவது, நிலத்திலேயே ஜிப்சத்தின் சத்து உண்டாகிறது. முப்பத்திரண்டு கிலோ கந்தகம் 172 கிலோ ஜிப்சத்துக்கு ஈடு. முன் சொன்ன 2,000 கிலோ ஜிப்சத்துக்கு ஏறக்குறைய 372 கிலோ கந்தகம் போதும். வண்டிக்கூலியும் பொருளின் விலையும் வைத்து எது மலிவு என்று அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டாம் சமன்பாட்டின் இடப்புறத்தில் கால்-கரி-பி₃ நிற்பதை மறத்தலாகாது. சுண்ணாம்பில்லாத நிலத்தில் கந்தகம் இட்டால் திராவகம் உண்டாகும்; ஜிப்சம் உண்டாகாது.

6. சமன்பாடு சொல்லாதவை

சமன்பாடு உண்மையே கூறும். ஆயினும் முழுவதும் கூறாது. அது சொல்லாதவை நான்கு.

முதலாவது, சுத்தம். சமன்பாட்டில் நிற்பது கலப்பற்ற பொருள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் வெட்டியெடுக்கும் ஜிப்சத்தில் களிமண்ணும் கலந்திருத்தல் இயல்பு. நூற்றுக்கு எழுபது பங்கே ஜிப்சமாயின், 2,000 கிலோவுக்குப் பதிலாக ஏறக்குறைய 2,860 கிலோ இட வேண்டும். மூட்டையின் விலையை மட்டும் விசாரித்துச் சுத்தத்தை விசாரியாதவர் மண்ணை விலைக்கு வாங்கி மண்ணிலேயே கொட்டுபவராவர்.

இரண்டாவது, காலம். ஜிப்சம் நீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாகவே அது கரையும். ஆகவே நன்றாய்ப் பொடித்து, மேல்மண்ணில் கலந்து, நீரைத் தேக்கி வைக்க வேண்டும். கந்தகத்துக்கோ நுண்ணுயிர்கள் வேலை செய்யச் சில வாரங்கள் வேண்டும். ஈரமும் காற்றோட்டமும் வேண்டும்.

மூன்றாவது, ஆழம். சமன்பாடு எவ்வளவு சோடியத்துக்கு எவ்வளவு ஜிப்சம் என்றே சொல்லும். நம் வயலில் எவ்வளவு சோடியம் உண்டு, அது எத்தனை ஆழம் வரை உண்டு என்பதை மண் பரிசோதனையே சொல்லும்.

நான்காவது, திசை. காகிதத்தில் எந்தச் சமன்பாட்டையும் வலமிருந்து இடமாகவும் எழுதலாம். அப்போதும் கணக்கு ஒத்தே இருக்கும். ஆனால் மாறுதல் எத்திசையில் நிகழும் என்பது, எப்பொருள் மிகுதி, எப்பொருள் படிந்து விலகுகிறது என்பவற்றைப் பொறுத்தது. சுண்ணாம்புக்கல் தூளிலும் கால்சியம் உண்டே, அதனைக் களருக்கு இட்டாலென்ன என்று கேட்போர் உளர். அது களர் மண்ணின் நீரில் கரைவது மிகச் சொற்பமாதலின் பயன்படாது.

7. நொய்யல் கற்பித்த பாடம்

திசை மாறினால் நேர்வது யாது என்பதற்கு நம் கண்முன்னேயே சாட்சி உண்டு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலப்பது நொய்யலாறு. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்குச் சாயச்சாலைகள் சாதாரண உப்பையும் சோடியம் சல்பேட்டையும் பெருவாரியாகக் கரைத்து உபயோகித்தன. சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்போ துணியில் தங்குவதில்லை. இடப்புறத்தில் எத்தனை மூட்டை உப்பு அவிழ்க்கப்பட்டதோ அத்தனையும் வலப்புறத்தில் நீரோடு ஆற்றில் சேர்ந்தது. பாசனத்துக்கென 1992-ஆம் ஆண்டில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவுநீரின் தேக்கமாயிற்று. சோடியம் மிகுந்த அந்நீர் வயலில் பாய்ந்தால், முன்னே நாம் எழுதிய களிமண் சமன்பாடு வலமிருந்து இடமாக நடக்கும்: சோடியம் களியைப் பற்றும், கால்சியம் வெளியேறும். நிலத்தைத் திருத்துவதற்கு எழுதிய அதே வரி நிலத்தைக் கெடுப்பதற்கும் பொருந்துகிறது. கீழ்ப்பகுதிக் குடியானவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத ஏற்பாட்டைச் சாயச்சாலைகள் நிறைவேற்றாமையால், அவற்றை மூடும்படி 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

இதனை எடுத்துரைப்பது பிறரைக் குறைகூறுவதற்காக மட்டுமன்று. நம் வயலினின்று வடிக்கும் முப்பத்து மூன்று மூட்டை உப்பும் எங்கோ ஓரிடத்துக்குச் செல்கிறது. அது அடுத்தவர் கிணற்றுக்கோ ஊர்க் குளத்துக்கோ செல்லுமாயின், நம் கணக்கு ஒத்தும் அவர் கணக்கு கெடும்.

8. செய்ய வேண்டுவன

(அ) முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் சோதனைக்கு அனுப்புக. கோயம்புத்தூரில் முன்னர் விவசாயக் கல்லூரியாக இயங்கி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிலையத்திலும், அரசாங்க மண் பரிசோதனைச் சாலைகளிலும் இதற்கு வசதி உண்டு.

(ஆ) ஜிப்சம் வாங்குமுன் வடிகால் வெட்டுக. வயலைச் சமன் செய்து வரப்பை உயர்த்துக.

(இ) சோதனையிற் கண்ட அளவைச் சுத்தத்துக்கேற்பக் கூட்டி, தூளாக்கிய ஜிப்சத்தைச் சீராகத் தூவி மேலாக உழுக. ஆழ உழுதால் ஜிப்சம் கீழே புதைந்து பயன் குறையும்.

(ஈ) நல்ல நீரைத் தேக்கிச் சில நாட்கள் நிறுத்திப் பின் வடித்துவிடுக. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதனைச் செய்தால் நீருக்குச் செலவில்லை. வடியும் உப்பும் வெள்ளத்தில் நீர்த்துப்போகும். கோடையில் வடித்தல் அண்டையாருக்குக் கேடு.

(உ) பின்னர்த் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுக. அது களரைத் தாங்கி வளரும். வேர் இறங்கிய வழியில் நீரும் இறங்கும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மேற்கூறிய யாவும் வடிகால் வாய்க்கால் திறந்திருந்தால்தான் நடைபெறும். புறம்போக்கு வடிகால்களை அடைத்துப் பயிரிடுவோர், கண்ணுக்குத் தெரியாமல் மேலுள்ள வயல்களில் உப்பைச் சேர்த்துவைப்பவராவர். வாய்க்காலை அளந்து திறந்துவைத்தல் ஜிப்சத்தில் பாதி வேலைக்குச் சமானம்.

ஒரே பொடியில் உப்பு மறைந்துவிடும், வடிகால் வேண்டியதில்லை என்று கூறிச் சரக்கு விற்க வருவோரிடம், “ஐயா, வலப்புறத்தில் என்ன நிற்கிறது?” என்று ஒரு வினா கேளுங்கள். விடை கிடையாவிடில் சரக்கை வாங்க வேண்டுவதில்லை.

பயிற்சிக் கணக்குகள்

1. சுத்தமான சுண்ணாம்புக்கல் 500 கிலோ சுட்டால் சுண்ணாம்பும் வாயுவும் எவ்வளவு?

2. சுத்தமான ஜிப்சம் 1,500 கிலோ வேண்டும். கடைச்சரக்கில் நூற்றுக்கு அறுபது பங்கே ஜிப்சம். எவ்வளவு வாங்க வேண்டும்?

3. 860 கிலோ சுத்தமான ஜிப்சம் முழுவதும் வேலை செய்தால் எத்தனை கிலோ சோடியம் சல்பேட்டு வடிய வேண்டும்?

4. ஹை₂ + பி₂ → ஹை₂-பி என்று ஒருவர் எழுதினார். கணக்கு ஒத்துளதா? இல்லையேல் திருத்துக.

விடைகள்: 1. சுண்ணாம்பு 280 கிலோ, வாயு 220 கிலோ. 2. 2,500 கிலோ. 3. 710 கிலோ. 4. ஒவ்வாது, வலப்புறத்தில் பிராணவாயு ஓர் அணு குறைகிறது. 2ஹை₂ + பி₂ → 2ஹை₂-பி என்பதே சரி.